லூர்த்து ஸ்ரோர்ஸ் அருகில்

எங்கள் ஒழுங்கையில் வீட்டிலக்கங்கள் வரிசையாக வருவதில்லை. காணிகள் பிரிந்து பிரிந்து, பதினேழுக்குப் பக்கத்தில் நாற்பத்திரண்டு நிற்கும். நாற்பத்து மூன்றைத் தேடிக் களப்பின் கரைவரை நடக்க வேண்டியிருக்கும். கொழும்புத்துறை வீதியிலிருந்து அந்த ஒழுங்கை இறங்கும் முகப்பில் என் கடை இருக்கிறது. ஆகவே உள்ளே இருப்பவர்கள் யாருக்கு விலாசம் சொன்னாலும் இலக்கத்துக்குப் பிறகு ஒரு வரி சேர்ப்பார்கள்: லூர்த்து ஸ்ரோர்ஸ் அருகில்.

முன்பு அந்த வரி கலியாண அழைப்பிதழ்களில் வந்தது. மரண அறிவித்தல்களில் வந்தது. இப்போது பார்சல்களில் வருகிறது.

என்னுடையது உடுப்புக்கடை. லூர்த்தம்மாவைக் கலியாணம் முடித்த வருடம் தொடங்கியதால் அவள் பெயரை வைத்தேன். பள்ளிக்கூடச் சீருடை, சாரம், பெண்களின் வீட்டு உடுப்பு எல்லாம் இருக்கும். ஆனால் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது முதல்நன்மைச் சட்டைதான். எட்டு வயதில் எங்கள் பங்குப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் ஞாயிற்றுக்கிழமை, பெண்பிள்ளைகள் தலையில் நெற் என்கிற வெள்ளை வலைத்துணியும் பூமுடியுமாகக் கோயிலுக்குப் போவார்கள். அந்த வெள்ளைச் சட்டைகள் ஒரு காலத்தில் முழுக்க என் கடையிலிருந்துதான் போயின. பூசை முடிந்ததும் தாய்மார் பிள்ளைகளைச் சட்டையோடு கடைக்குக் கூட்டி வருவார்கள். நான் கண்ணாடிப் போத்தலிலிருந்து கற்கண்டு எடுத்துக் கொடுப்பேன். யாரும் ஏற்படுத்திய வழக்கமல்ல. ஒரு தாய் செய்தாள், பிறகு எல்லோரும் செய்தார்கள்.

போன வருடம் பதினொரு சட்டை எடுத்து வைத்தேன். மூன்று போனது. இந்த வருடம் புதிதாக ஒன்றும் எடுக்கவில்லை. மிச்சம் இருந்தவற்றில் ஏழு சட்டைகளை அரை விலைக்குத் தள்ளிவிட்டு, ஒன்றை மட்டும் முன் கண்ணாடி அலுமாரியில் தொங்கவிட்டேன். இன்னும் இந்தக் கடையில் முதல்நன்மைச் சட்டை கிடைக்கும் என்று வீதிக்குச் சொல்லிக்கொண்டு அது நின்றது.

மே மாதம் ஒரு பின்னேரம் றஜிதா மகளோடு வந்தாள். ஒழுங்கையின் உள்வளைவில் இருப்பவள். நண்டு பொதி செய்யும் ஓரிடத்தில் வேலை. புருசன் அப்போது தொழிலுக்கு முல்லைத்தீவுப் பக்கம் போயிருந்தான். மகள் ஜெனிற்றாவுக்கு எட்டு வயது.

"வின்சன்ற் அண்ணை, அந்தச் சட்டையை ஒருக்கா எடுங்கோவன். போட்டுப் பாப்பம்."

எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றது. மூன்று அடுக்கு நெற் வைத்த பாவாடை. ஒருதரம் சுற்றிப் பார்த்தது. பிறகு யாராவது பேசப்போகிறார்களோ என்று எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, இன்னொருதரம் சுற்றியது.

றஜிதா தோளிலிருந்து விளிம்புவரை சாணால் அளந்தாள். கழுத்துப் பட்டியைத் திருப்பி உள்ளே தைத்திருந்த அளவு இலக்கத்தைப் பார்த்தாள். போனை எடுத்து முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம்.

"தகப்பனுக்கு அனுப்பத்தான் அண்ணை."

"எடு பிள்ளை, எடு."

"வடிவாத்தான் இருக்கு. அவரிட்டையும் ஒரு சொல்லுக் கேட்டிட்டு வாறன், என்ன."

முப்பத்தொரு வருடம் கடை நடத்தியவனுக்குத் திரும்பி வருகிற முதுகும் திரும்பி வராத முதுகும் தெரியும். நான் சட்டையை மறுபடியும் அலுமாரியில் தொங்கவிட்டேன். உள்ளேயிருந்து லூர்த்தம்மா எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, 'போட்டுப் பாக்கிற இடம்' எண்டு ஒரு பலகை எழுதிக் கொழுவுங்கோவன். ஆளுக்கு ஐம்பது ரூபா எடுத்தாலும் கரண்டுக் காசுக்குக் காணும்."

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அதற்குள் நான் வேறொரு வேலைக்கு ஆளாகியிருந்தேன். பார்சல் கொண்டு வருகிறவர்கள் என் கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழி கேட்பார்கள். பெயர்ப்பலகையை ஒருமுறை, போனை ஒருமுறை பார்ப்பார்கள். "அண்ணை, நாற்பத்தேழு எது?" சொல்வேன். "அண்ணை, இந்தப் பேரிலை ஆர்?" சொல்வேன். வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீரும் கொடுப்பேன். என் கடையில் வாங்கியவர்கள் இப்போது வேறெங்கோ வாங்குகிற சாமானை, அவர்கள் வீட்டுப் படலைவரை போய்ச் சேர்ப்பதற்கு நானே வழி சொல்லிக்கொண்டிருந்தேன். செருப்பு, தலையணை உறை, பள்ளிக்கூடப் பை. பொதியின் வடிவத்திலேயே என்னவென்று தெரிந்துவிடும். ஒரு நாளில் பத்துப் பேர் கடைக்கு வந்தால் ஏழு பேர் இப்படி வந்தவர்கள்.

அவர்களில் அடிக்கடி வருபவன் கஜானன். தொண்டைமானாற்றுப் பெடியன். தகப்பன் கடலுக்குப் போனவர், தான் போகவில்லை என்று ஒருநாள் சொன்னான். எங்கள் பக்கத்து ஒழுங்கைகள் அவனுக்குப் பிடிபடவேயில்லை. என்னை நம்பித்தான் வந்தான்.

யூன் மாதம், முதல்நன்மைக்கு ஆறு நாள் இருந்த திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு வந்தான்.

"அண்ணை, உந்த அக்கா போன் எடுக்கிறா இல்லை. மூண்டு தரம் அடிச்சிட்டன்."

பொதியைக் காட்டினான். சாம்பல் நிற பிளாஸ்ரிக் உறை. றஜிதாவின் பெயர். கீழே அந்த வரி: லூர்த்து ஸ்ரோர்ஸ் அருகில்.

அவள் ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வேலையிடத்தில் போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நாலரைக்குத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். நாலே முக்காலுக்கு அவள் என் கடையைத் தாண்டிச் சைக்கிளில் போவாள். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். பொதியை என்னிடம் வைத்துவிட்டுப் போ என்றும் சொல்லியிருக்கலாம். வேறு ஆட்களுக்கு அப்படி வாங்கி வைத்திருக்கிறேன்.

நான் பொதியைக் கையில் வாங்கினேன். பாரமே இல்லை. பெருவிரலால் அழுத்தியபோது உள்ளே நெற் மடிந்து நகர்வது தெரிந்தது. மூன்று அடுக்கு.

"அவையள் இஞ்சை இல்லை" என்றேன். "மன்னாருக்குப் போட்டினம்."

யோசித்துச் சொன்னதல்ல. சொன்னபிறகுதான் கேட்டது, என் குரலிலேயே. ஆனால் கேட்டபிறகும் நான் அதைத் திருத்தவில்லை.

"எப்ப வருவினம் அண்ணை?"

"தமக்கை வீட்டை போனது. இந்த மாதம் வரமாட்டினம் போலை."

"அப்ப திருப்பித்தான் விடோணும்." போனில் எதையோ தட்டினான். "நல்லகாலம் உங்களைக் கேட்டது. இல்லாட்டி நாளைக்கும் ஒருக்கா, நாளையிண்டைக்கும் ஒருக்கா அலைஞ்சிருப்பன்."

தண்ணீர் வாங்கிக் குடித்தான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அன்று நாலே முக்காலுக்கு றஜிதா சைக்கிளில் போனாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் அசைத்தேன்.

இதை எழுதும்போது, அந்த நாட்களில் எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. இருக்கவில்லை. எனக்கு ஒரு காத்திருப்பு இருந்தது. அவள் வருவாள் என்று தெரியும். ஆறு நாளில் கொழும்பிலிருந்து இன்னொரு சட்டை வராது. யாழ்ப்பாணப் பட்டணத்துக் கடைகளில் தேட அவளுக்கு நேரமில்லை. அளவு இலக்கம் பார்த்த சட்டை என் அலுமாரியில் தொங்குகிறது. நியாயம் தன் இடத்துக்குத் திரும்பி வருகிறது என்று, அப்படித்தான், நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம், லூர்த்தம்மா படுத்திருந்த நேரம், சட்டையை எடுத்து ஸ்திரிக்கை போட்டேன். அப்போதுதான் கண்டேன். வீதிப் பக்கம் திரும்பியிருந்த இடது தோளும் கையும் வெயிலில் மஞ்சள் பிடித்திருந்தன. வலது பக்கம் வெள்ளை. நடுமுதுகில் இரண்டும் சந்திக்கிற இடம் கோடு போட்டதுபோல் தெரிந்தது. மே மாதத்தில் அது இருந்ததா, நான் பார்க்கவில்லையா, அல்லது இந்த ஒரு மாதத்து வெயிலா? தெரியாது. எலுமிச்சம்புளி தேய்த்துப் பார்த்தேன். தேய்த்த இடம் இன்னும் கொஞ்சம் பழுத்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வந்தாள். மகளும் வந்தது.

"அண்ணை, அந்தச் சட்டை நிக்குதே?"

"நிக்குது பிள்ளை."

"ஓடர் பண்ணினது திரும்பிப் போச்சுது." என்னிடம் அதை மறைக்கவில்லை. "புதன்கிழமைதான் மெசேச்சைப் பாத்தனான். அடிச்சுக் கேட்டால், கொழும்புக்குப் போட்டுதாம்."

"அப்பிடியே."

"ஓம். அப்பிடித்தான்."

சட்டையைக் கொடுத்தேன். பிள்ளை மாற்றிக்கொண்டு வந்தது. இந்தமுறை சுற்றவில்லை. கண்ணாடியில் இடது தோளைப் பார்த்தது, வலது தோளைப் பார்த்தது. றஜிதா அதன் முதுகுப் பக்கம் போய் நின்றாள். நடுமுதுகுக் கோட்டில் விரலை வைத்தாள்.

"தலைக்கு நெற் போட்டால் தோள் மறைஞ்சிடும்" என்றேன்.

"மறையும்."

"முதுகும் மறையும்."

"எவ்வளவு அண்ணை?"

"காசு வேண்டாம். கொண்டு போ பிள்ளை."

"ஏன் வேண்டாம்?"

"மஞ்சள் பிடிச்சதுக்கு என்னெண்டு காசு வாங்கிறது?"

அவள் கைப்பையைத் திறந்து போனை எடுத்து, திரையை என் பக்கம் திருப்பி மேசையில் வைத்தாள்.

"இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசியுங்கோ. எனக்கு இங்கிலீசு வடிவா ஓடாது."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். இரண்டு வசனம்தான். முதலாவதைத் தமிழில் சொன்னேன்.

"பார்சல் எடுக்க ஆள் ஊரிலை இல்லை எண்டு போட்டிருக்கு."

"மிச்சம்?"

மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீதியால் ஒரு பஸ் போனது. சட்டையோடு நின்ற பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கஸ்ரப்படாதையுங்கோ" என்றாள் றஜிதா. "ஜெனிற்றா இங்கிலீசு வாசிப்பாள். புதன்கிழமையே வாசிச்சுச் சொல்லிப்போட்டாள். மன்னாருக்குப் போனது எண்டு பக்கத்துக் கடைக்காரர் சொன்னவராம்." குரலை உயர்த்தவேயில்லை. "நான் எப்ப அண்ணை மன்னாருக்குப் போனனான்?"

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்குள் கிடந்தது வேறு.

"நீ இஞ்சை போட்டுப் பாத்திட்டு, நம்பரும் பாத்திட்டு, அங்கைதானே ஓடர் பண்ணினனி?"

"ஓம். பண்ணினனான். அங்கை இதின்ரை பாதி விலை." இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். விரல் நுனிகள் நண்டு ஓடு கீறிக் கீறி வெளிறிப் போயிருந்தன. "நாள் முழுக்க நிண்டு நண்டு உடைக்கிற கை இது. பாதி விலைக்கு வாங்கினது களவே?"

"களவில்லை."

"அப்ப?"

நான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"வீதியிலை வச்சு நாலு பேச்சுப் பேசியிருக்கலாமே அண்ணை. 'என்ரை கடை என்ன உனக்கு உடுப்பு மாத்திற அறையோ' எண்டு கேட்டிருக்கலாமே. வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பன். இது பிள்ளையின்ரை நாள்." அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் உடைந்தது, சரிப்படுத்திக்கொண்டாள். "வரேக்கை யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான். நீங்களாச் சொன்னால் இதைக் காசு குடுத்து வாங்கிக்கொண்டு போவம், ஒண்டும் கதைக்கத் தேவையில்லை எண்டு. நீங்கள் தலைக்கு நெற் போடச் சொல்லுறியள்."

மகள் பக்கம் திரும்பினாள்.

"கழட்டு."

"அம்மா, இது காணும்."

"கழட்டு எண்டனான்."

பிள்ளை திரைக்குப் பின்னால் போனது. வெளியே வந்து சட்டையை மேசையில் விரித்து, கைகளை உள்ளே மடித்து, பாவாடையை மூன்றாக மடித்து, கழுத்துப் பட்டி மேலே தெரிய வைத்தது. நான் மடிக்கிற மாதிரி. எங்கே பார்த்துப் பழகியதோ.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. முதுகு நோ என்று லூர்த்தம்மாவிடம் சொன்னேன். கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்தேன். பழக்கதோசத்தில் கற்கண்டுப் போத்தலைத் துடைத்து மேசையில் வைத்திருந்தேன். பத்தரைக்குக் கோயில் மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டைகள் வீதியில் வரத்தொடங்கின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஜெனிற்றா போட்டிருந்தது யாரோ பெரிய பிள்ளையின் சட்டை. கால்வரை கிடந்தது. விளிம்பைச் சுற்றி மடித்துக் குத்தியிருந்த ஊசிகள் வெயிலில் மினுங்கின. அது என் கடைப் பக்கம் பார்த்தது. தாய் பார்க்கவில்லை. இருவரும் வீதியின் மறுபக்கத்தால் போய், ஒழுங்கை முகப்புக்கு நேரே வந்தபிறகுதான் குறுக்கே கடந்தார்கள்.

மற்றவர்களும் நிற்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்ததா, அல்லது போன வருடமே அந்த வழக்கம் நின்றுபோனதா என்று நான் யோசித்துப் பார்த்தேன். போன வருடம் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி மழைக்கு ஒதுங்கியவள்.

லூர்த்தம்மா பூசையால் வந்து, தோடுகளைக் கழற்றி லாச்சிக்குள் வைத்து மூடினாள்.

"றஜிதா மன்னாருக்குப் போட்டாள் எண்டு நீங்கள் சொன்னனீங்களே?"

"ஓம்."

சோறு போட்டுத் தந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் நின்றாள்.

"உங்கடை முதுகுப் பெல்ற்றைக் கொண்டந்து தந்ததும் உந்தப் பார்சல் பெடியன்தானே. அண்டைக்கு ஆரும் உங்களையும் மன்னாருக்குப் போட்டார் எண்டு சொல்லியிருந்தால்?"

அந்தப் பெல்ற் அப்போதும் என் இடுப்பில்தான் இருந்தது. மகன் கனடாவிலிருந்து ஓடர் பண்ணி அனுப்பியது. யாழ்ப்பாணத்தில் இரண்டு மருந்துக் கடைகளில் அது இருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் நானும் இரண்டு நாள் தேவைக்கு மட்டும் கதைத்தோம்.

புதன்கிழமை அன்பியக் கூட்டம். ஒழுங்கைக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லி, ஊர் விசயமும் பேசுவார்கள். லூர்த்தம்மா போய் ஏழு மணிக்கு முன்பே திரும்பினாள்.

"என்ன கதைச்சினம்?"

"ஒருத்தரும் உங்கடை பேரை எடுக்கேல்லை."

"அப்ப?"

"எங்கடை ஒழுங்கை அடைக்கலநாதன் அண்ணைதான் துடங்கினவர். பார்சலுகள் பிழைச்சுப் போகுதாம். இனி விலாசத்திலை எல்லாரும் ஒரே மாதிரிப் போடுவம் எண்டார். 'றான்ஸ்போமர் அருகில்' எண்டு."

ஒழுங்கைக்குள், வளைவு தாண்டி இடப்பக்கம், இரண்டு மின்கம்பத்துக்கு நடுவில் ஒரு றான்ஸ்போமர் இருக்கிறது. மழை நாட்களில் இரைந்துகொண்டு நிற்கும். அதன் கீழே ஆட்கள் குப்பை கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

"எல்லாரும் ஓமெண்டினமோ?"

"நான் இருக்கிறபடியாலை மெதுவாச் சொன்னவை. ஆனால் ஓமெண்டவை."

"நீர் என்ன சொன்னீர்?"

அவள் செபப் புத்தகத்தைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த ஒரு துண்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். முன்பே அச்சடித்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்களாம், வீட்டிலக்கத்தோடு எப்படி எழுத வேண்டும் என்று. எங்கள் இலக்கத்தை அவளே பேனையால் நிரப்பியிருந்தாள். அதன் கீழே, அச்சில், றான்ஸ்போமர் அருகில்.

"நானும் இந்த ஒழுங்கையிலைதானே இருக்கிறன்" என்றாள்.

கடையை நான் பூட்டவில்லை. இன்னும் பூட்டவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நிற்பது குறைந்து, பிறகு நின்றுபோனது. அவை என்னைத் தாண்டி நேரே ஒழுங்கைக்குள் இறங்கின. கஜானன் ஒருநாள் போனான்; என்னைக் கண்டும் வேகத்தைக் குறைக்கவில்லை. அவனுக்கும் அந்தப் பிழைக்காக எங்கேயோ பேச்சு விழுந்திருக்கும். வழி கேட்கிறவர்களை நான் எவ்வளவு வெறுத்திருந்தேன். இப்போது, நாள் முழுக்க ஒரு மனிதக் குரல் கேட்காமல் கதிரையில் இருக்கும்போது, அந்த "அண்ணை, நாற்பத்தேழு எது?" என் காதுக்குள் வந்து போகிறது.

போன கிழமை, சனிக்கிழமை முற்பகல், ஒரு மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. புதியவன். ஹெல்மெற்றைக் கழற்றாமலே போனைப் பார்த்தான், வீதியைப் பார்த்தான். நான் எழுந்து வெளியே போனேன். முதுகு நோவை மறந்துதான் எழுந்தேன்.

"ஆரைத் தேடுறியள் தம்பி?"

"கடை திறந்தே கிடக்கு?" என்றான். "பூட்டினது எண்டு நினைச்சன். ஐயா, றான்ஸ்போமரடி எது?"

பொதியில் பெயர் தெரிந்தது. றஜிதாதான். சிறிய, கெட்டியான பெட்டி. பள்ளிக்கூடச் சப்பாத்தாக இருக்கும்.

"இந்த ஒழுங்கைதான். நேரை இறங்கி, வளைவிலை இடப்பக்கம் திரும்புங்கோ. றான்ஸ்போமர் தெரியும். அதிலையிருந்து மூண்டாவது வீடு, பச்சைப் படலை. இண்டைக்குச் சனி, ஆள் வீட்டை நிப்பா."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். கையையும் நீட்டிக் காட்டினேன். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு எதற்கும் என்று போனில் அழைத்து, சத்தமாக வைத்தான்.

"அக்கா, பார்சல் ஒண்டு. வீதியிலை நிக்கிறன். ஒழுங்கையாலை இறங்கி இடப்பக்கம் எண்டு இஞ்சை ஒரு ஐயா சொல்லுறார். சரியே?"

"ஆர் ஐயா?"

அவன் தலையை நிமிர்த்திப் பெயர்ப்பலகையை வாசித்தான். "லூர்த்து ஸ்ரோர்ஸ்."

போனில் உள்ளே எங்கோ பிள்ளையின் குரல் கேட்டது.

"அங்கை ஒண்டும் விசாரியாதையுங்கோ தம்பி. நில்லுங்கோ, நான் ஜெனிற்றாவை அனுப்புறன்."

அவன் என்னைப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளைக் கால்களால் உந்தி, கடை வாசலைவிட்டு நாலடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினான். என் கை இன்னும் நீண்டிருந்தது. ஒழுங்கைக்குள், நான் சொன்ன இடப்பக்கத்திலிருந்துதான், அந்தப் பிள்ளை ஓடி வந்துகொண்டிருந்தது.